விலை மலிந்த காலமா? காசு கனத்த காலமா?

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஹட்டன் பஸாரில் பனி இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்துத் தேநீர்க் கடை வாங்கில் மூத்த வியாபாரிகள் நாலைந்து பேர் ஒன்றுகூடுவது வழமை. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: அந்தக் காலத்து விலைவாசி.

"கொத்தரிசி இருபத்தைஞ்சு சதம். சொன்னா நம்புவீங்களா?" என்று ஆரம்பிப்பார் எண்பதைத் தாண்டிய ஹாஜியார் ஒருவர். "பத்து ரூபாத் தாளோட பஸாருக்கு வந்தா, பை நிறையச் சாமான் வாங்கி மிச்சக் காசும் கொண்டு போவாங்க" என்பார் அடுத்தவர். மூன்றாமவருக்கு மோட்டார் வாகனங்களில் மோகம். தன் வாப்பாவின் மொரிஸ் மைனர் காரில் கலன் கணக்கில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு கினிகத்தேனை, கித்துல்கலை வழியாகக் கொழும்புக்குப் போய்வந்த கதையை அவர் சொல்லாத வாரமில்லை.

ஒரு நாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இளம் வியாபாரி ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அது சரி ஹாஜியார், அப்ப தோட்டத்தில நாட்கூலி எவ்வளவு?"

வாங்கில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அரிசி விலை எல்லோருக்கும் நினைவிருந்தது. கூலி எவருக்கும் நினைவில்லை.

அந்த இளைஞரின் கேள்விதான் இந்த வாரக் கட்டுரை. மலையகத்தில் கடை வைத்திருக்கும் எவருக்கும் இது வெறும் பழங்கதையல்ல. நமது வாடிக்கையாளரில் பெரும்பாலானோர் கொழுந்தெடுத்துச் சம்பளம் வாங்குபவர்கள். ஒரு பொருள் மலிவா, கிராக்கியா என்பதை விலைப் பட்டியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பொருளை வாங்க எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்பதே தீர்மானிக்கிறது.

54 சதமும் 25 சதமும்

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் கொண்டுவரப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மலையகத் தோட்டங்களில் ஆணின் நாட்கூலி 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். வேலை செய்த பிள்ளைகளுக்கு 32 சதம். ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்து வேலை செய்தாலும் பெண்ணுக்குக் கூலி குறைவுதான். அந்த வித்தியாசம் நீங்கி ஆண், பெண் இருவருக்கும் சமகூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொருள் மலிவாக இருந்தது என்று நாம் பெருமூச்சு விடும் காலத்தின் பெரும்பகுதி, உழைப்பும் மலிவாக இருந்த காலம்.

அடுத்து ஹாஜியாரின் இருபத்தைந்து சதக் கொத்தரிசி. அவர் சொன்னது உண்மை. ஆனால் அது சந்தை விலையல்ல. பங்கீட்டு அட்டைக்கு அரசாங்கம் கொடுத்த மானிய விலை. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோதும் மக்களுக்கு 25 சதத்துக்கே கொடுக்கப்பட்டது. இடைவெளியைத் திறைசேரி சுமந்தது. 1953இல் அந்தச் சுமையை இனித் தாங்க முடியாது என்று டட்லி சேனநாயக்க அரசாங்கம் விலையை 70 சதமாக உயர்த்தியது. விளைவு, அதே ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி நாட்டையே நிறுத்திய ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார்.

இதில் வியாபாரிக்கு ஒரு பாடம் உண்டு. மலிவான விலைக்குப் பின்னால் எப்போதும் யாரோ ஒருவர் மிச்சப் பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு காலத்தில் கட்டியது திறைசேரி. இன்னொரு காலத்தில் குறைந்த கூலிக்கு வேலை செய்த தொழிலாளி. கட்டுபவரால் இனி இயலாது என்று வரும் நாளில் விலை படிப்படியாக ஏறுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது.

விலை இருந்தது, சாமான் இல்லை

ஹாஜியாரின் நினைவில் மங்கிப்போன இன்னொரு காலமும் இருக்கிறது. 1970களின் முற்பகுதி. அன்று பல பொருட்களுக்குக் கட்டுப்பாட்டு விலை இருந்தது. விலையைப் பார்த்தால் இன்றும் ஆசை வரும். ஆனால் கடையில் சாமான் இருக்கவில்லை. பாணுக்கு வரிசை, சீனிக்குப் பங்கீடு. உணவகங்களில் வாரத்தில் இரண்டு நாள் சோறு பரிமாறத் தடை. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோவதைத் தடுக்க வீதித் தடைகள் போடப்பட்டிருந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி வந்தது. லயங்களில் மரணங்கள் கூடின. நெல் விளையாத மலையகத்துக்கு வெளியிலிருந்து அரிசி வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

1977 நவம்பரில் புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. கடைகள் நிரம்பின. கூடவே ரூபாயின் மதிப்பும் இறங்கியது. 1967 வரை ஒரு டொலருக்கு 4 ரூபாய் 76 சதம் என்றிருந்த கணக்கு, அந்த ஆண்டு நவம்பர் மதிப்பிறக்கத்தோடு 5 ரூபாய் 95 சதமாகியிருந்தது. 1977 மாற்றத்தின்போது ஏறத்தாழ 16 ரூபாயானது. 1990இல் 40 ரூபாய். 2008இல் 108 ரூபாய் அளவில். 2021இல் 200 ரூபாய். 2022 மே மாதத்தில் 360 ரூபாய்.

இந்த வரிசையைக் கண்ணாடிக்குள் போட்டு ஒவ்வொரு கடையிலும் மாட்டி வைக்கலாம். கோதுமை, பருப்பு, பால்மா, சீனி, எரிபொருள் எல்லாமே டொலரில் வாங்கிக் கொண்டுவருபவை. ஆகவே அந்தக் காலத்து மலிவில் பாதி, பொருளின் மலிவல்ல. ரூபாய் கனமாக இருந்ததால் வந்த மலிவு.

மொரிஸ் மைனர் கதை

இனி மோட்டார்ப் பிரியரின் கதைக்கு வருவோம். மலையகத்துப் பழைய வீதிகளை நினைத்தாலே சில வாகனங்கள் கண்முன் வரும். துரைமாரின் லாண்ட் ரோவர், டொக்டர் ஐயாவின் ஒஸ்டின், கடை முதலாளியின் மொரிஸ் மைனர். பெற்றோல் விற்றது ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் போன்ற வெளிநாட்டுக் கம்பனிகள். 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் இந்த வியாபாரம் முழுவதும் அதன் கைக்கு வந்தது. 1969இல் சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அன்று மசகு எண்ணெய் ஒரு பீப்பாய் இரண்டு டொலருக்கும் குறைவு. 1973 மத்திய கிழக்கு யுத்தத்தின் பின் அது நான்கு மடங்காகி 1974இல் 11 டொலரைத் தாண்டியது. கலன் கணக்கில் பெற்றோல் நிரப்பிய பொற்காலம் அத்தோடு முடிந்தது.

அந்த மொரிஸ் மைனர் மலிவாக ஓடியது உண்மை. ஆனால் ஊரில் எத்தனை பேரிடம் அது இருந்தது? 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்ட பின், இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. உதிரிப்பாகம் கிடைக்காமல் கராஜ்காரரே கடைந்து செய்து போட்டார். பஸாரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள், ரயிலில் போனார்கள், தோட்டத்து மக்களில் பலர் நடந்தே வந்தார்கள். 1977க்குப் பிறகு ஜப்பானிலிருந்து பாவித்த வேன்களும் கார்களும், இந்தியாவிலிருந்து முச்சக்கரவண்டிகளும் வந்து குவிந்தபோதுதான் மோட்டார் வாகனம் சாதாரண வியாபாரியின் கைக்கு எட்டியது.

பிறகும் அந்தக் கதவு ஒருமுறை சாத்தப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வேனுக்கும் பழைய முச்சக்கரவண்டிக்கும் என்ன விலை சொன்னார்கள் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் இலாபம் கண்டதாக மகிழ்ந்தார்கள். அந்தப் பணத்தோடு அடுத்த வாகனம் தேடப் போனபோதுதான் விஷயம் விளங்கியது.

இரண்டு 157 ரூபாய்

இப்போது கட்டுரையின் மையமான கணக்கு. 2008 மே மாதத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 157 ரூபாயானது. உலகச் சந்தையில் மசகு எண்ணெய் ஏறிக்கொண்டே போய் ஜூலையில் பீப்பாய் 147 டொலர் என்ற உச்சத்தைத் தொட்ட ஆண்டு அது. அதே ஆண்டு இறுதியில் பெற்றோலை 100 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அந்த விலை பம்புக்கு வராமலே போனதும் பலருக்கு நினைவிருக்கும்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 ஜூன் மாதத்தில், பெற்றோல் 137 ரூபாயிலிருந்து உயர்ந்து மறுபடியும் அதே 157 ரூபாய்க்கு வந்தது. பம்பில் தெரிந்த இலக்கம் ஒன்று. ஆனால் இரண்டும் ஒரே விலையா?

2008இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி, வரவுக் கொடுப்பனவு முதலிய எல்லாம் சேர்த்தும் 300 ரூபாயை எட்டவில்லை. ஒரு நாள் கூலிக்கு இரண்டு லீற்றர் பெற்றோலும் வராது. 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாயானது. ஜூனில் 157 ரூபாய் விலையில் அந்தக் கூலிக்கு ஆறரை லீற்றர் அளவு வந்தது. ஆக, 2008இன் 157 ரூபாய் எட்டாத விலை. 2021இன் 157 ரூபாய் அதில் மூன்றில் ஒரு பங்குச் சுமைகூட இல்லை.

கொழுந்தெடுப்பவர் பெற்றோல் வாங்குகிறாரா என்று சிலர் கேட்கலாம். லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் முச்சக்கரவண்டிக் கூலியில் வாங்குகிறார். பிள்ளையை ஏற்றிச்செல்லும் பாடசாலை வேன் காசில் வாங்குகிறார். ஆகவே இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

2008 நடுப்பகுதி: ஒரு நாள் கூலிக்கு இரண்டு லீற்றருக்கும் குறைவு.

2016 இறுதி: ஊக்கக் கொடுப்பனவுகளுடன் கூலி 730, பெற்றோல் 117. ஆறு லீற்றருக்குச் சற்று மேல்.

2021 மார்ச்: கூலி 1,000, பெற்றோல் 137. ஏழு லீற்றருக்கு மேல்.

2022 ஜூன் 26: கூலி அதே 1,000, பெற்றோல் 470. இரண்டு லீற்றருக்குச் சற்று மேல்.

2024 ஒக்டோபர்: கூலி 1,350, பெற்றோல் 311. நாலேகால் லீற்றர் அளவு.

இந்தக் கணக்கின்படி மலையகத்துக்கு மலிவான காலம் ஹாஜியாரின் காலமல்ல. 2021இன் தொடக்க மாதங்கள்தான். அப்போது நாம் யாரும் அதை மலிவு என்று சொல்லவில்லை. அன்றும் தேநீர்க் கடையில் பழைய விலையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1,000 ரூபாய் என்பது முழுப் பேருக்குத்தான். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது வேறு கணக்கு. ஆகவே மேலே உள்ளவை அதிகபட்ச இலக்கங்கள். கைக்கு வந்தது அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும்.

பெற்றோல் ஏறியதா, ரூபாய் இறங்கியதா?

2022ஐ நாம் எல்லோரும் வாழ்ந்து கடந்தோம். 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த பெற்றோல், மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூனில் 470. அந்தக் கடைசி விலை அறிவிக்கப்பட்ட ஓரிரு நாட்களில், அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதே நிறுத்தப்பட்டது. விலை இருந்தது, சாமான் இல்லை என்ற 1970களின் கதை, ஐம்பது ஆண்டு கழித்துப் பெற்றோல் பம்பில் மறுபடி நடந்தது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நான்கு லீற்றர். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் ஓடிப் பிழைத்த முச்சக்கரவண்டிச் சாரதிக்கு அது எத்தனை நாளைக்குப் போதும்?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2008இன் 157 ரூபாயை அன்றைய டொலர் மதிப்பான 108ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒரு டொலர் 45 சதம். 2022 ஜூனின் 470 ரூபாயை 360ஆல் வகுத்தால் ஒரு டொலர் 30 சதம். டொலர் கையில் இருந்தவருக்கு 2022இன் பெற்றோல் 2008ஐவிட மலிவு! ரூபாய் கையில் இருந்தவருக்கு மூன்று மடங்கு. பெற்றோலை மட்டும் திட்டுவதில் பயனில்லை. நம் சட்டைப் பைக்குள் இருந்த காசு கரைந்துபோனதுதான் பெரிய காரணம்.

தேயிலையைப் பாருங்கள். அது டொலரில் விற்கும் பொருள். கொழும்பு ஏலத்தில் 2021இல் ஒரு கிலோ சராசரியாக 620 ரூபாய் அளவில் போன தேயிலை, 2022இல் 1,200 ரூபாயைத் தாண்டியது. உரத் தடையின் தாக்கத்தால் விளைச்சல் குறைந்தது, செலவுகளும் ஏறின என்பது உண்மை. ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்த கையின் கூலி 2021 மார்ச் முதல் 2024 செப்டெம்பர் வரை 1,000 ரூபாயில்தான் நின்றது.

அதே காலத்தில் லயத்து அடுப்புக்கும் விளக்குக்கும் தேவைப்படும் மண்ணெண்ணெய், 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. தேநீர்க் கடைக்காரரின் பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு சிலிண்டர், 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். நமது வாடிக்கையாளர் அந்த நாட்களில் அரைக் கிலோ கேட்ட இடத்தில் நூறு கிராம் கேட்டது எதனால் என்பது இப்போது விளங்கும்.

லொறிக் கூலியில் எவ்வளவு?

இங்கே நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "டீசல் ஏறிட்டுது, என்ன செய்ய?" என்று வாடிக்கையாளரிடம் நாம் சொல்லாத நாளில்லை. எந்த அளவுக்கு அது உண்மை?

புறக்கோட்டையிலிருந்து ஹட்டனுக்குச் சரக்கு ஏற்றி வந்து திரும்பும் லொறி, போக வர 250 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையேற்றத்தையும் சேர்த்து லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் என்றால் 50 லீற்றர் டீசல். 2021 ஜூனில் டீசல் 111 ரூபாய். ஆக 5,550 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். ஆக 23,000 ரூபாய். 2024 ஒக்டோபரில் 283 ரூபாய். ஆக 14,150 ரூபாய். தொகையைப் பார்த்தால் தலை சுற்றும்.

ஆனால் லொறியில் நாலாயிரம் கிலோ இருந்தால் ஒரு கிலோவுக்கு விழும் டீசல் செலவு எவ்வளவு? 2021இல் ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. 2022இன் உச்சத்தில் ஆறு ரூபாய்க்கும் குறைவு. 2024இல் மூன்றரை ரூபாய் அளவு. டயர், பிரேக், கிளச், சாரதி கூலி எல்லாம் இதற்கு மேல்தான். மலை வீதியில் அவை சமதரையைவிட விரைவாகத் தேயும் என்பதும் நமக்குத் தெரியும். இருந்தாலும், நிறையச் சாமான் ஏற்றி வந்த லொறியை வைத்துக் கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் ஏற்றிவிட்டு டீசல் மேல் பழி போட முடியாது. அரிசி ஏறியதற்கு 2021இன் இரசாயன உரத் தடை காரணம். பருப்பும் மாவும் ஏறியதற்கு டொலர் காரணம்.

அரை லொறியில் சரக்குக் கொண்டுவருபவருக்கும், இரண்டு மூட்டைக்காக வேன் பிடிப்பவருக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு இதே செலவு கிலோவுக்குப் பல மடங்காகும். ஹட்டன் பஸாரில் நாலைந்து சிறு கடைக்காரர் சேர்ந்து ஒரே லொறியில் சரக்கு இறக்கினால் ஒவ்வொருவருக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். பெற்றோல் விலை குறையட்டும் என்று காத்திருப்பதைவிட அது நம் கையில் இருக்கும் காரியம்.

கடைக் கொப்பி சொல்லும் கணக்கு

விலை ஏறும் காலத்தில் சிறு வியாபாரி தேய்ந்துபோவது இரண்டு வழியில்.

முதலாவது, பழைய விலையில் இலாபம் பார்ப்பது. ஒரு மூட்டைச் சீனியை 10,000 ரூபாய்க்கு வாங்கி 11,000 ரூபாய்க்கு விற்றோம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய் இலாபம் என்று மனம் குளிரும். புது மூட்டை வாங்கப் போனால் 11,500. இலாபம் என்று நினைத்ததை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் முழுவதும் போட்டாலும் ஐந்நூறு ரூபாய் குறைகிறது. இப்படிப் பத்துத் தடவை நடந்தால் கல்லாப் பெட்டியில் காசு கூடியிருக்கும், களஞ்சியத்தில் மூட்டை குறைந்திருக்கும். 2022இல் நன்றாக வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே தட்டு காலியான கடைகளின் கதை இதுதான்.

நமது முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பழைய கடைக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரூபாய்க் கணக்கின் பக்கத்திலேயே இத்தனை மூட்டை, இத்தனை அந்தர், இத்தனை போத்தல் என்று சாமான் கணக்கும் எழுதப்பட்டிருக்கும். வருடத் தொடக்கத்தில் நூறு மூட்டை இருந்த கடையில் வருட முடிவில் நூற்றைந்து மூட்டை இருந்தால்தான் இலாபம். ஸகாத் கணக்கிலும் இதே நோக்கு இருக்கிறது. கடைச் சரக்கை வாங்கிய விலையில் அல்ல, கணக்குப் பார்க்கும் நாளின் சந்தை விலையில் மதிப்பிட வேண்டும் என்றே உலமாக்களில் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் அதற்காகச் செய்யும் வேலையை மாதத்தில் ஒரு நாள் செய்தால் நம் கடையின் உண்மை நிலை நமக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி, கடன் கொப்பி. தோட்டத்துச் சம்பளம் மாதத்தில் ஒரு நாள். அதற்கு முன் இருபது நாள் கடனில்தான் அடுப்பெரியும். கடன் கொடுக்காமல் மலையகத்தில் கடை நடத்த முடியாது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடத்துக்கு முன் கடனாகக் கொடுத்த 10,000 ரூபாய் அன்று முழுதாகத் திரும்பி வந்திருந்தாலும், அது பழைய 5,900 ரூபாய்க்குரிய சாமானைத்தான் வாங்கித் தந்திருக்கும். கடன்காரர் ஏமாற்றவில்லை. சொன்ன தொகையைச் சதம் பிசகாமல் கட்டினார். ஆனாலும் முதலில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

இதற்கு வட்டி போட நமக்கு வழியில்லை, போடவும் கூடாது. ஆகவே கால எல்லையைக் குறைப்பதுதான் மருந்து. சம்பளத்துக்குச் சம்பளம் கணக்கை முடித்துக்கொள்வது, அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல் இருப்பது, ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அந்த வீட்டில் விழும் பேர்க் கணக்கைப் பார்த்து எல்லை வைப்பது. இதை முகம் கோணாமல் சொல்லத் தெரிந்த முதலாளியின் கடை நிலைத்திருக்கும். கடன் வாங்கியவருக்கும் அது நல்லது. மூன்று மாதக் கடன் சேர்ந்துவிட்டால் அவர் நமது கடை வாசலால் நடக்கவே கூச்சப்பட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இறங்கும்போதும் இறங்க வேண்டும்

புது மூட்டையின் விலையைப் பார்த்துத்தான் பழைய மூட்டைக்கு விலை வைக்க வேண்டும் என்று சொன்னோம். அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. புது மூட்டையின் விலை இறங்கினால் பழைய மூட்டையின் விலையும் இறங்க வேண்டும். ஏறும்போது குதிரை வேகம், இறங்கும்போது ஆமை வேகம் என்றால் அது நியாயமான கணக்கல்ல. பெற்றோல் 470இலிருந்து 311க்கு இறங்கிய பிறகும் பழைய கூலியையே கேட்ட வாகனங்களைப் பற்றி நாம் முறைப்பட்டோம். அதே முறைப்பாட்டை வாடிக்கையாளர் நம்மைப் பற்றியும் சொல்லியிருப்பார்.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்ற செய்தியையும் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதத்துக்கு வந்தது. அதன் பொருள் விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்பதல்ல. ஏறிய இடத்தில் ஏறத்தாழ நின்றுவிட்டது என்பதுதான். 2021ஆம் ஆண்டு விலைகள் திரும்பி வரும் என்று காத்திருக்கும் வியாபாரியும் வாடிக்கையாளரும் வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். வரக்கூடியது ஒன்றுதான்: கூலி ஏறி அந்த இடைவெளியை மூடுவது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனபோது இடைவெளியில் ஒரு பகுதி மூடியது.

ஆகவேதான் தோட்டத்துச் சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் அது தொழிற்சங்கத்துக்கும் கம்பனிக்கும் உரிய விஷயம் என்று பஸார் ஒதுங்கி நிற்க முடியாது. அங்கே கூடும் ஒவ்வொரு நூறு ரூபாயும் ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட், பொகவந்தலாவைக் கடைகளின் மேசைக்கு வந்து சேரும் நூறு ரூபாய். அங்கே மூன்றரை ஆண்டு கூலி அசையாமல் நின்றபோது நமது கடைகளிலும் வியாபாரம் சுருங்கியது.

வாசகர்களுக்கு நமது யோசனை சிறியது. கடைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பொருளை எழுதுங்கள்: அரிசி, கோதுமை மா, பருப்பு, மண்ணெண்ணெய், பெற்றோல். மாதம் ஒருமுறை அவற்றின் விலையையும், பக்கத்தில் அன்றைய தோட்ட நாட்கூலியையும் குறித்து, ஒரு நாள் கூலிக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு வரும் என்று வகுத்துப் போடுங்கள். எந்தச் சாமானை எந்த அளவில் இறக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும்.

அன்று மாலை தேநீர்க் கடையில் அந்த இளைஞரின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றோம். தேநீர்க் குவளையைக் கீழே வைத்த ஹாஜியார் கடைசியில் சொன்னது இது: "விலையை நாங்க வித்தோம் மகன், அதனால நினைவிருக்கு. கூலியை அவங்க வாங்கினாங்க. அதை நாங்க கேக்கவே இல்ல."

கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை இந்த மாதச் சம்பள நாளிலாவது கேட்போம்.